கோலத்துக்கு அடியில் எங்கள் தெரு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் பிள்ளைகளின் ஸ்கூலுக்கு லீவு லெட்டரும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், முன்பின் தெரியாதவர்கள் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவுக்கு சிமெண்டு ரோடு போட்டதைத் தவிர இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ரோட்டுக்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் சொல்லப் போனால் எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெரு, பீங்கான் சாமான் செய்கிற செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற தெரு. ஒரு காலத்தில் தார் போட்டிருந்தார்களாம். குழாய் பதிக்கத் தோண்டியபோது அதுவும் போய்விட்டது. வெயில் காலத்தில் புழுதி பறக்கும். மழைக் காலத்தில் எது பள்ளம், எது மேடு என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். பள்ளத்தை மூட நாங்கள் கல்லையும் ஜல்லியையும் தேடிப் போனதில்லை. சூளையிலிருந்து வரும்போதே விரிசல் விட்ட கோப்பை, மூக்கு உடைந்த பொம்மை, மூலை போன பீங்கான் பியூஸ் கட்டை எல்லாம் பேட்டையில் குவிந்து கிடக்கும். கூடையில் அள்ளி வந்து பள்ளத்தில் கொட்டுவோம். வண்டி ஏற ஏற அது நொறுங்கி, அடுத்த மழைக்கு உள்ளே இறங்கிவிடும். சில சமயம் டயரையும் கிழிக்கும். அதற்காகத் திட்ட ஆள் கிடையாது, எல்லோரும் கொட்டியதுதானே. மறுபடியும் கூடையை எடுத்துக்கொண்டு போவோம்.

என் அக்கா என்னோடுதான் இருக்கிறாள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அப்பா அம்மா இருந்தவரை கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் பிறந்த வீட்டில் இருந்தாள். அவர்கள் போன பிறகு நான் அழைத்து வந்துவிட்டேன். அரசாங்கத்தில் மூன்று சக்கர ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு வேலை கிடைத்தது. பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒவ்வொரு கட்டையையும் இன்னொரு கட்டையால் லேசாகத் தட்ட வேண்டும். கணீர் என்றால் பெட்டிக்கு. சத்தம் செத்துப்போய் வந்தால் கழிவுக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் டம்ளரை, தட்டை எல்லாம் தட்டிப் பார்ப்பாள். "இது தேறாதுடி" என்று என் குழம்புச் சட்டியைக்கூட ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவள் பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. பேட்டை கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கள் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினால்தானே பேட்டை. ஒருநாள் வீம்புக்கு வண்டியை எடுத்து, தெரு நடுவில் சக்கரம் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். தோளில் அடி. இந்த வருஷம் வெயில் தணிந்ததும் அவளுடைய முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "யக்கா, கோச்சிக்காதீங்க. மழைக் காலத்துலதான் நமக்கு ஆர்டரு. லாரி வந்து நிக்கும்போது தட்டிப் பாக்க ஆளு இல்லன்னா நான் என்னா பண்றது? இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா வேற ஆளுதான் போடணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை போட்டாள். உப்பு இருந்தது.

எங்கள் வார்டு கவுன்சிலரம்மாவின் வீட்டுக்கு நான் போனது அப்போதுதான். போனேனே தவிர, வாசலில் நின்று "வந்தேங்க" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். என்னைவிட வயதில் சின்னவர்; நல்லூர் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நெலம என்னான்னு சொல்லிடறேன், கேளுங்க. நகராட்சியில காசு இல்ல. பாதி பேரு வரி கட்டல. கடைங்க வாடகை நிலுவையில கெடக்குது. குப்ப அள்ளுறவங்களுக்கே சம்பளம் தள்ளித் தள்ளிதான் போவுது. இதுல ரோடு கேட்டா மீட்டிங்குல என்னை மொறைக்கிறாங்க. ஆனா இந்த வார்டுக்கு ஒரே ஒரு தெரு போடறதுக்கு மட்டும் ஒதுக்கி இருக்குது. உங்க தெருவா, பின் தெருவான்னு இன்ஜினியர் பாத்து முடிவு பண்ணுவாரு. நான் கெஞ்சிக் கூட்டியாரேன். மத்தது உங்க அதிர்ஷ்டம்."

தெருவிளக்கு எரியாவிட்டால் எங்கள் வீட்டில் நகராட்சியைத் திட்டுவோம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் திட்டுவோம். அங்கேயும் ஒரு வீட்டைப் போல இந்த மாதம் எதை விடுவது, எதைச் செய்வது என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அம்மாவைப் பார்க்கவே வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய சம்பளம் தள்ளிப் போகிற நேரத்தில் நான் ரோடு கேட்டிருக்கிறேன். அடுத்த நாள் தயங்கித் தயங்கி அதை அவரிடமே சொல்லிவிட்டேன். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ கேக்கலன்னா அந்தக் காசு என் கையில வந்து வுழப்போவுதா? அது வேற காசாம், இது வேற காசாம். அப்படித்தான் சொல்றாங்க. ரோட்ட போடச் சொல்லு. இந்த வண்டியத் தள்ளித் தள்ளி என் இடுப்பு வுட்டுப்போச்சி."

இன்ஜினியர் வருகிறார் என்று முதல் நாளே தகவல் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவில் யாரும் கூடிப் பேசவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை. ஆனால் எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே வேலையைச் செய்தோம். பெரிய ஆபீசர் ஒருவர் நம் தெருவுக்கு வருகிறார். வீட்டுக்கு ஆள் வரும்போது அலங்கோலமாக வைத்திருப்போமா? பேட்டையிலிருந்து உடைந்த சாமானைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பள்ளங்களை நிரப்பினோம். மேலே செம்மண் போட்டு மிதித்துச் சமப்படுத்தினோம். விடிந்ததும் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலம் போட்டோம். வாசலில் இடம் போதாமல் தெரு நடுவிலும் போட்டோம். சமமான இடம் அதுதானே, இப்போது நிரப்பிய இடம். நான் போட்ட கோலம்தான் இருப்பதில் பெரிது. அக்கா வண்டியில் உட்கார்ந்தபடி, "அந்த மூலையில ஒரு பூவு சின்னதா போச்சு பாரு" என்று மேற்பார்வை செய்தாள். அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இன்ஜினியர் மெயின் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தார். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று வீட்டில் நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோலத்தையும் சுற்றி, ஓரமாகவே கால் வைத்து, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். நாங்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றோம். எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் கவுன்சிலரம்மாவிடம் சொன்னார்: "இந்தத் தெரு பரவாயில்லையேம்மா. சமமாதான் இருக்குது. பின் தெருவுல முட்டிக்கால் பள்ளம். ஒண்ணுதான் போட முடியும்னா அங்கதான் போடணும்."

கவுன்சிலரம்மா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"என்னா பண்ணி வச்சிருக்கீங்க எல்லாரும்?"

"ஆபீசரு வர்றாங்கன்னு கொஞ்சம் சுத்தம் பண்ணோங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பொண்ணு பாக்கவா வந்திருக்காரு? பள்ளத்த பாக்க வந்தவருக்கு எதுக்கும்மா கோலம்? நான் எவ்ளோ கெஞ்சி இவர கூட்டியாந்தேன் தெரியுமா?"

அடியில் பள்ளம் இருக்கிறது, நாங்கள்தான் மூடினோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்ஜினியர் கோபப்படவில்லை. "சொல்றது புரியுதும்மா. ஆனா நான் போட்டோ எடுத்து அனுப்பணும். கோலத்த போட்டோ எடுத்து அனுப்புனா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க" என்று செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் அவள். அப்போது வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் அதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். எனக்குக் கல்யாணமான அன்று, பந்தலில் எல்லோரும் நிற்க, அவள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது.

செடிக்கு மண் கிளற வைத்திருந்த களைக்கொத்தி வாசலில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், என் கோலத்தின் நடுவில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தேன்.

"ஏய், என்னடி பண்ற? கோலம் போவுது" என்றாள் அக்கா.

"போவட்டும்" என்றேன். அவ்வளவுதான் அன்றைக்கு நான் பேசியது.

செம்மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக வந்தது. கை போன பொம்மை, தலை மட்டும் உள்ள குருவி, கப்புகளின் காதுகள். பக்கத்து வீட்டுக்காரி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். பிறகு எல்லோருமே. காலையில் பார்த்துப் பார்த்துப் போட்ட கோலங்களை ஆளுக்கொரு பக்கம் பிய்த்தோம். எதிர் வீட்டு அண்ணன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், மண்வெட்டி கொண்டுவந்து அள்ளிப் போட்டார். பள்ளம் மறுபடியும் பள்ளமாகிக்கொண்டே போனது. இன்ஜினியர் குனிந்து ஒரு பொம்மைத் தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கீழடி மாதிரி தோண்டத் தோண்ட வருது?"

தெருவே சிரித்தது. கவுன்சிலரம்மாவும் சிரித்துவிட்டார். அக்காவுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது.

"சார், பாத்தா மட்டும் பத்தாது. என் வண்டி பின்னால உக்காருங்க. ஒரு நட போயிட்டு வருவோம்."

அவர் தயங்கினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது. "சார், எறங்கித் தள்ளுங்க" என்றாள் அக்கா, கூச்சமே இல்லாமல். ஒரு நகராட்சி இன்ஜினியர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு என் அக்காவின் வண்டியைத் தள்ளியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேலே ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, பள்ளங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. இரண்டு தெருவும் மோசம் என்று ஆகிவிட்டது, பணம் ஒன்றுக்குத்தான். பின் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் இதே மாதிரி தண்ணீரைத் தாண்டித்தான் போகிறார்கள். சில நாட்கள் கழித்துக் கவுன்சிலரம்மா தண்ணீர் டேங்குக்குக் கீழே இரண்டு தெருக்காரர்களையும் கூப்பிட்டு, இன்ஜினியர் சொன்ன ஒரு யோசனையைச் சொன்னார். முழு அகலத்துக்குப் போட்டால் ஒரு தெரு. பாதி அகலத்துக்குப் போட்டால் இரண்டு தெரு. நடுவில் மட்டும் சிமெண்டு, இரண்டு ஓரமும் மண்ணாகவே இருக்கும். எல்லோரும் ஒத்துக்கொண்டால் எழுதி அனுப்பலாம்.

எதிர் வீட்டு அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பாதி அகலத்துக்குப் போட்டால் அவருடைய லோடு ஆட்டோவின் ஒரு பக்கச் சக்கரம் எப்போதும் மண்ணில்தான் போகும். "போடறதுன்னா முழுசா போடுங்க, இல்லன்னா வுடுங்க. இதென்னா ரோடா, ரிப்பனா?" என்றார்.

"என் வண்டி போற அகலம் இருந்தா போதும்" என்றாள் அக்கா.

"உன் ஒருத்திக்கா ரோடு போடறாங்க?"

"ஆமாண்ணே, எனக்குத்தான். நீங்க ரெண்டு காலு வச்சிருக்கீங்க. தாண்டிக் குதிச்சிக்கிட்டுப் போங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கன்வாடிக்குப் பிள்ளை அனுப்புகிற பின் தெருப் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, ரிப்பனே போடுங்க. ஆனா ஓரத்துல என் வண்டி மாட்டுனா நீதான் வந்து தள்ளணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருடைய தொழிலுக்கு அது நஷ்டம்தான். இன்றைக்கும் மழை நாளில் அவர் லோடு ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வருவதில்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன்.

வேலை தொடங்கியபோது மேகம் கட்டிவிட்டது. ரோடு போட வந்தவர்கள் கணவனும் மனைவியுமாக நாலைந்து ஜோடிகள். கலவை மிஷின் ஒரு பக்கம் சுற்ற, பெண்கள் தலையில் சட்டி மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். காசு குறைவு என்பதால் கான்ட்ராக்டர் ஆளைக் குறைத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து மோர் கொடுத்தேன். ஒரு பெண் குடித்துவிட்டு, "நாங்க ஊரு ஊரா ரோடு போடறோங்க. எங்க தெருவுல செம்மண்ணுதான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். நான் அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

சிமெண்டு போட்டதும் மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். இறுகும்வரை யாரும் அதில் ஏறக் கூடாது. ஓரமோ சேறு. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பேட்டையில் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. ரோடு வந்தால்தான் வேலை நிலைக்கும் என்றிருந்தோம். இப்போது ரோடு காய்வதற்குள் வேலை போய்விடும் போல இருந்தது.

ஸ்கூட்டரை முன்கூட்டியே மெயின் ரோட்டு டீக்கடையில் நிறுத்தியிருந்தோம். அதுவரை கொண்டு போவதுதான் பாடு. காலையில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டேன். அக்கா அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"செத்தாலும் மாட்டேன்."

அவளை யாரும் தூக்கக் கூடாது. அது சின்ன வயதிலிருந்தே. விழுந்தால்கூடத் தானே தவழ்ந்து எழுந்துகொள்வாள். ஸ்கூலில் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் விளையாட்டுக்குக் கீழே விட்டுவிட்டதிலிருந்து அப்படி. பேட்டையில் சங்கு ஊதுகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பக்கம். குப்பை வாங்க வந்த அம்மா வண்டியை விட்டுவிட்டு ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்.

அக்கா எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கினோம். சேற்றில் கால் வழுக்க வழுக்க, ஓரமாகவே போனோம். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் என்னா சாமியா, சரக்கா? இப்படித் தூக்கினு போறீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"சரக்குதான். கீழ போட்டா ஒடஞ்சிரும். பேசாம வா" என்றார் அண்ணன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் நாற்காலி ஆடியது. டீக்கடையில் நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. வண்டியில் மாறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அப்படியே ரோடு இறுகும்வரை தினமும் போய்வந்தாள். ஒருநாள் தூக்குவதற்கு ஆள் குறைந்தபோது கவுன்சிலரம்மாவின் கணவர் வந்து பிடித்தார். வேலைக்கு ஒருநாளும் தவறவில்லை.

வரப்பைத் தட்டிவிட்டுத் தண்ணீரை வடித்த அன்று, முதலில் யார் போவது என்று தெருவில் ஒருவரும் பேசவில்லை. அக்காவின் ஸ்கூட்டரை டீக்கடையிலிருந்து ஓர மண்ணிலேயே தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வாசலுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் இருந்த மண்ணில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பழைய பலகையைப் போட்டாள். அக்கா அதில் ஏற்றி, நடுரோட்டுக்குக் கொண்டுவந்து, தெருக்கோடி வரை போய்த் திரும்பி, மறுபடியும் மெயின் ரோடு வரை போனாள். சத்தமே இல்லை. இத்தனை வருஷமாக அந்த வண்டி எங்கள் தெருவில் போனால் தகரம் முழுக்கக் கடகடவென்று ஆடும். இப்போது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மெயின் ரோட்டு முனையில் நிறுத்தி, கையிலிருந்த சாவிக் கொத்தால் குனிந்து சிமெண்டைத் தட்டிப் பார்த்தாள்.

"தேறுமாக்கா?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தேறும் தேறும்" என்றாள் அக்கா.

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இன்ஜினியர் ஐயாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் கவுன்சிலரம்மா. குப்பை வாங்க வரும் அம்மாவுக்குச் சம்பளம் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை. மோர் வாங்கிக் குடித்த பெண் எந்த ஊரில் ரோடு போடுகிறாளோ. இவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா முதன்முதலாக அந்த ரோட்டில் ஓட்டிய மறுநாள் காலையிலிருந்தே மழை. அக்கா ரெயின்கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். லாரி வந்திருந்ததால் சாயங்காலம் வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.